பதுளையிலிருந்து திரும்பி வந்தவர்கள்

போன மாதம் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு கூட்டம் நடந்தது. பதுளையிலிருந்து சில இளைஞர்கள் வந்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களில் உயிரை விடத் துணிகிறவர்களைத் தேடிப் போய்த் துணையாக இருக்கிற ஒரு வேலையைத் தொடங்கப்போகிறார்களாம். அதற்காகத் தோட்டத்திலேயே ஆண்களும் பெண்களுமாகச் சிலரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பழைய டாக்டரையா காலத்தில் இங்கே அப்படி ஒரு வேலை நடந்ததென்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலையில் இருந்தவன் நான் என்பதால் என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எழுந்து நின்றேன். வணக்கம் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. டிஸ்பென்சரியில் இத்தனை வருஷம் வேலை செய்தும் நாலு பேருக்கு முன்னால் வாய் திறப்பது எனக்குப் பழகவில்லை. கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்த பிறகு அவர்களில் பொறுப்பாக இருந்த பெண் என்னிடம் வந்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. “பேச வரலன்னா எழுதிக் குடுங்கய்யா, நாங்க வாசிச்சுக்கிறோம்” என்றாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பிழைகளை அவர்கள் திருத்திக்கொள்ளட்டும். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். யார் என்ன செய்துகொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள் என்பதை எழுதமாட்டேன். அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது டாக்டரையாவின் முதல் கட்டளை.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிறது. நான் முதலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத்தான் போனேன். அறுபதுகளின் கடைசியில் டிஸ்பென்சரியில் ஆளாக இருந்தவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். நான் சத்தம் போடாதவன், குடிக்காதவன் என்று கணக்கப்பிள்ளை என்னை அந்த இடத்துக்குச் சொல்லிவிட்டார். புண்ணைக் கழுவிக் கட்டுவது, ஊசிகளை அவித்து எடுப்பது, காய்ச்சல்காரர்களுக்குக் கஞ்சி வைப்பது, முடியாதவர்களைக் கம்பளியில் போட்டு லொறி ரோட்டுக்குத் தூக்கி வருவது என்று எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். பதுளை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் நின்று சில வேலைகளைக் கற்றுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் போல் ஆனபோது புதிதாக ஒரு டாக்டரையா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான, நெடிய மனிதர். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். நோயாளியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்துதான் விசாரிப்பார். கொழுந்து எடுக்கிற பெண்களைக்கூட “வாங்கோ, இருங்கோ” என்பார். வந்த புதிதில் பெண்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று. என்னை மட்டும் “நீர்” என்பார். அது அவர்கள் ஊரில் வேண்டியவர்களிடம் பேசுகிற முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் வந்த வருஷத்தில் ஒரு சம்பவம் நடந்தது. தோட்டத்தின் மூன்று பிரிவுகளில் ஒன்றான கீழ்க்கணக்கில் பெரியசாமி என்று ஒருவர் சாகப் பார்த்தார். அவரைக் கம்பளியில் தூக்கி வந்தோம். டாக்டரையா செய்ய வேண்டியதைச் செய்து லொறியில் பதுளைக்கு அனுப்பினார். அங்கே காப்பாற்றிவிட்டார்கள். சில நாளில் பெரியசாமி நடந்தே லயத்துக்கு வந்தார். ஆனால் ஒருவரும் அவர் குடியிருந்த காம்பராப் பக்கம் போகவில்லை. போனால் என்ன பேசுவது என்ற கூச்சம், போலீஸ் வந்து கேள்வி கேட்குமோ என்ற பயம். சாகப் பார்ப்பது அப்போது சட்டப்படி குற்றம். அவர் மனுஷ முகத்தில் முழிக்க வெட்கப்படுவார், நாம் போய் ஏன் சங்கடப்படுத்த வேண்டும் என்று மரியாதையாகவும் ஒதுங்கினார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவர் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டார்கள். கொஞ்ச நாளில் பெரியசாமி போய்விட்டார். இரண்டாம் முறை எங்களிடம் கொண்டுவர நேரமில்லை.

அந்தச் சாவுக்குத் தோட்டமே திரண்டது. மூன்று கணக்கு ஆட்களும் வந்தார்கள். பந்தல் போட்டார்கள். தேயிலைத் தூளும் சீனியுமாக வந்து குவிந்தது. டாக்டரையா குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்று அதைப் பார்த்தபடி இருந்தார். திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“இவ்வளவு சனமும் போன கிழமை எங்கை இருந்தது?”

அதற்குப் பிறகுதான் அவருடைய வேலை தொடங்கியது. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற நேரம் போய் நின்று ஆட்களிடம் சொன்னார்: யாருக்கு என்ன ஆனாலும் முதலில் என்னிடம் கொண்டு வாருங்கள், போலீசுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன், பயந்துகொண்டு ஒளித்துவைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையிடம் போய், தேயிலை மலைக்கு அடிக்கிற மருந்து எதுவும் லயத்துக்குப் போகக்கூடாது, மிச்சம் எல்லாம் அன்றன்றே ஸ்டோருக்குள் வந்து பூட்டப்பட வேண்டும் என்று கேட்டார். துரை முதலில் சிரித்தார். டாக்டரையா அசையாமல் நின்றார். கடைசியில் இரட்டைப் பூட்டுப் போட்டு, ஒரு சாவி ஸ்டோர்காரரிடமும் மற்றது கணக்கப்பிள்ளையிடமும் என்று ஆனது. ஸ்டோர்காரருக்கு எங்கள் மேல் ரொம்ப நாள் கோபம்.

மூன்றாவது காரியம் என் தலையில் விழுந்தது. பதுளையிலிருந்து திரும்பி வருகிறவர்களின் காம்பராவுக்குத் தினமும் நான் போகவேண்டும். போய் உட்கார வேண்டும். வேறொன்றும் செய்ய வேண்டாம். எனக்குப் பேச வராதே என்றேன். டாக்டரையா வழக்கம்போலக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“உமக்குக் கதைக்கத் தெரியாது. அதுதான் உம்மை அனுப்புறன். கதைக்கத் தெரிஞ்ச ஆளை விட்டால் புத்தி சொல்லிப்போட்டு வந்திடும்.”

சில விதிகள் வைத்திருந்தார். ஏன் செய்தாய் என்று கேட்கக்கூடாது. ஐயோ பாவம் என்று சொல்லக்கூடாது. கடவுள், பிள்ளைகுட்டி என்று காட்டிக் குற்றவாளியாக்கக்கூடாது. சொன்னதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது, அவரிடம் தவிர. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் ஆளைத் தனியே விட்டு வரக்கூடாது. திரும்பி வந்ததும் அவரிடம் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். நான் இழுத்து, மனசு சரியில்லாத மாதிரி தெரிகிறது என்று தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். “கண்டதைச் சொல்லும். நினைச்சதைப் பிறகு சொல்லும்.” அடுப்பு எரிந்ததா, தலை வாரியிருந்தாரா, சாப்பிட்ட கோப்பை கழுவி இருந்ததா, ஞாயிற்றுக்கிழமை பற்றியோ தீபாவளி பற்றியோ ஏதாவது பேச்சு வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நோயாளி என்னிடம் ஏதாவது கேள்வி கேட்டால், அது ஊசி குத்தினால் வலிக்குமா என்பதாக இருந்தாலும், அவர் முகம் கொஞ்சம் தெளியும்.

அப்படி நான் போய் உட்கார்ந்தவர்கள் பல பேர். ஒரு கிழவர், நான் வாய் திறக்காததைப் பார்த்து எனக்குத்தான் ஏதோ கவலை என்று நினைத்து எனக்குத் தைரியம் சொல்லத் தொடங்கினார். டாக்டரையாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்ததை முதல் தடவை பார்த்தேன். எல்லாரும் தப்பவில்லை. இரண்டு பேரை இழந்தோம். அவர்களைப் பற்றி எழுத அவர்கள் வீட்டாரைக் கேட்கவேண்டும், எனக்குத் தைரியமில்லை. செல்லம்மாவைப் பற்றி எழுதுகிறேன்.

செல்லம்மா மேல்கணக்கில் கொழுந்து எடுக்கிறவள். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். புருஷன் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை தூக்கினான். சனிக்கிழமை வந்து திங்கள் விடியக் கிளம்பிவிடுவான். பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அவள் சாகப் பார்த்த வருஷம் அவள் அம்மாவும் அக்கா குடும்பமும் இந்தியாவுக்குப் போனார்கள். இரண்டு அரசாங்கமும் ஆட்களைப் பிரித்துக்கொண்டதில் செல்லம்மாவுக்கும் புருஷனுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை, அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட். ஹப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது அவள் அழவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். இதனால்தான் அவள் அப்படிச் செய்தாள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மனுஷிக்குள் எத்தனையோ இருக்கும். இதெல்லாம் இருந்தது, அவ்வளவுதான்.

பதுளையிலிருந்து அவள் திரும்பி வந்தபோது புருஷன் ஒரு வாரம் கூட இருந்தான். பிறகு வேலை போய்விடும் என்று கிளம்பினான். அவன் கெட்டவனில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு “பாத்துக்கங்கண்ணே” என்றான். நான் தினமும் போனேன். அவள் என்னை “வாங்கண்ணே” என்பாள். பிறகு இரண்டு பேரும் பேசமாட்டோம்.

ஒரு மனுஷன் பகலில் ஒரு தடவை வந்து உட்கார்வது இவளுக்குப் போதாது என்று டாக்டரையாவுக்குப் பட்டது. பெண்களும் போகவேண்டும் என்று நினைத்தார். சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய் கங்காணி சம்சாரம் முத்தாயியைக் கூப்பிட்டார். பெரியசாமி சாவிலிருந்து மனதுக்குள் வைத்திருந்ததை அங்கே சொல்லிவிட்டார்.

“ஆரும் செத்தால் எல்லாரும் போறீங்கள்தானே. அதே மாதிரி செல்லம்மா வீட்டுக்கும் போங்கோ. ஒருத்தரும் விடுபடாமல் போங்கோ.”

முத்தாயி வாக்குத் தவறாதவள். மறுநாளே லயத்துப் பெண்கள் அத்தனை பேரையும் திரட்டிவிட்டாள். நான் அன்று போனபோது செல்லம்மாவின் காம்பராவுக்கு முன்னால் இருக்கிற இஸ்தோப்பு நிறைய ஆட்கள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, காலை மடித்து, பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாரியாயிக் கிழவி செல்லம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவு பேர் வந்துவிட்டார்களே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெண்கள் கூடியிருக்கிற இடத்தில் எனக்கு என்ன வேலை என்று வாசலோடு திரும்பிவிட்டேன்.

மறுநாள் போனேன். காம்பரா துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. மூலையில் எப்போதும் இருக்கிற தண்ணீர்க் குடத்தைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் காம்பரா பாக்கியத்துக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்கக்கூடாது என்பதால் பேசாமல் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளாகவே சொன்னாள்.

“நேத்து எல்லாரும் வந்தாங்கண்ணே. சாயத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். ஒருத்தரும் வாயில வெக்கல. எந்திரிச்சுப் போறப்ப ஒருத்தர்கூட போயிட்டு வாறேன்னு சொல்லல.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழவு வீட்டுக்கு வந்துட்டுப் போற மாதிரியே போனாங்க. நான் செத்தது எனக்குத்தான் தெரியல போல.”

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மற்ற எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் வாசல் தாண்டமாட்டோம். சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். துக்கம் கேட்கப் போவதற்கு இந்த ஒரு முறைதான் அந்தப் பெண்களுக்குத் தெரியும். டாக்டரையா அதே மாதிரி போகச் சொன்னார், அவர்கள் ஒன்றுகூடக் குறையாமல் அதே மாதிரி போய்விட்டு வந்துவிட்டார்கள்.

“எனக்கு ஒரு சாயத்தண்ணி போடு தாயி” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். போடுவதற்கு நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. எழுந்து பாக்கியத்தின் காம்பராவுக்குப் போய் இரண்டையும் வாங்கி வந்தாள். அவள் ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைக்கும் வரை காத்திருந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். பாக்கியத்தை வெளியே கூப்பிட்டு, நான் டாக்டரையாவோடு திரும்பி வரும்வரை இவளை விட்டு நகராதே என்றேன். செல்லம்மாவிடம் போயிட்டு வாறேன் என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

டாக்டரையா ஒரு பிள்ளையின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கண்டதைச் சொன்னேன். சாவு வீட்டுக் கதையைவிட முதலில் அவர் பிடித்துக்கொண்டது குடத்தைத்தான்.

“குடத்தைக் குடுத்திட்டாவோ? தினமும் பாவிக்கிற குடத்தையோ?”

கட்டை முடித்து, கையைக் கழுவி, குடையை எடுத்தார். மேல்கணக்குக்கு ஏறுகிற படிகளில் அவருக்கு மூச்சு வாங்கும். அன்று எங்கும் நிற்கவில்லை. செல்லம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் வாழ்நாளில் கேட்டிராத ஒரு கேள்வியை, பசிக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

“செல்லம்மா, சாகவேணும் எண்ட நினைப்பு இப்ப இருக்கோ?”

இல்லாத நினைப்பையும் இவரே கிளப்பிவிடுவார் போலிருக்கிறதே என்று பதறினேன். செல்லம்மா பதறவில்லை. ஆமென்று தலையை ஆட்டினாள். பிறகுதான் அழுதாள். ரயில் நகர்ந்தபோது வராத அழுகை என்று பாக்கியம் பின்னால் சொன்னாள். டாக்டரையா நிறுத்தச் சொல்லவில்லை. அழுது ஓய்ந்ததும், எப்போது அந்த நினைப்பு அதிகம், கிட்டத்தில் ஆபத்தான பொருள் ஏதும் உண்டா, யார் கூட இருந்தால் தேவலை என்று கேட்டார். பாக்கியத்தின் பேரைச் சொன்னாள். அன்றிலிருந்து பாக்கியம் தன் பாயைக் கொண்டுவந்து அங்கே போட்டாள். பண்டாரவளைக்கு ஆள் அனுப்பிப் புருஷனை வரவழைத்தோம். கேட்பதால் நினைப்பு வந்துவிடாது, உள்ளே கிடந்தது வெளியே வர வழிதான் கிடைக்கும் என்று இறங்கி வரும்போது டாக்டரையா எனக்கு விளக்கினார்.

சாயங்காலம் மடுவத்துக்குப் போனார். பெண்கள் கூடையோடு நின்றார்கள். நேற்று நடந்தது பிழையாகிவிட்டது என்று அவர் தொடங்கியதுமே முத்தாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்கதானே டாக்டரையா எழவு வீட்டுக்குப் போற மாதிரி போகச் சொன்னீங்க? நாங்களா போனோம்?”

“ஓம். நான்தான் சொன்னனான். என்ர பிழை. இனி எப்பிடிப் போறதெண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டர் தங்களிடம் வழி கேட்பது அவர்களுக்குப் புதிது. பலகாரம் கொண்டு போகலாம் என்றாள் ஒருத்தி. பிள்ளை பெற்றவளா அவள், பலகாரம் கொண்டு போக என்றாள் இன்னொருத்தி. பாக்கியம்தான் பட்டென்று சொன்னாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“குடுக்கப் போனாத்தான் எழவு வீடு. கேட்டுப் போவோம். செத்த வீட்டுல யாராச்சும் நெருப்பு வாங்குவாங்களா, உப்பு வாங்குவாங்களா? உயிரோட இருக்கிறவகிட்டத்தான வாங்குவோம்.”

டாக்டரையா அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் வெட்கப்பட்டுக் கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தினமும் போய்ப் பார்த்தேன். ஒருத்தி நெருப்புக்கு வருவாள். ஒருத்தி சல்லடை கேட்டு வருவாள். முத்தாயி தன் வீட்டில் நல்ல அம்மி இருக்க, மிளகாயை எடுத்துக்கொண்டு செல்லம்மாவின் அம்மிக்கு வந்து அரைத்துவிட்டு, அம்மி சரியில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போவாள். மாரியாயிக் கிழவி கட்டிப்பிடித்து அழுவதை விட்டுவிட்டுப் பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். செல்லம்மா முதலில் யந்திரம் மாதிரி எடுத்துக் கொடுத்தாள். நெருப்புக் கேட்டு வருவார்கள் என்பதற்காகவே அடுப்பை அணையாமல் வைத்திருந்தாள் என்பதைக் கவனித்து நான் டாக்டரையாவிடம் சொன்னேன். ஒரு நாள் பாக்கியம் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக் காம்பராவில் வைத்தாள்.

“நல்ல கொடம் குடுத்தடி எனக்கு. பீலியிலேருந்து வாறதுக்குள்ள பாதி என் முதுகுல. ஓட்டக் கொடத்த என் தலையில கட்டிட்டு நிம்மதியாப் போகலாம்னு பாத்தியா?”

செல்லம்மா குடத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள். “ஒன் வாயி மாதிரி இருக்கு, மூடவே முடியாது” என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இப்படியெல்லாம் பேச எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர முடியாது. பாக்கியத்தால் முடியும், என்னால் முடியாது.

ஆனால் நினைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சில நாள் என்னை வாங்கண்ணே என்றுகூடச் சொல்லமாட்டாள். டாக்டரையா பதுளைக்குக் கூட்டிப் போய் அங்கே பெரிய டாக்டரிடம் காட்டி மருந்தும் வாங்கிவந்தார். இப்படி ஏறி இறங்கி மழைக்காலமே கழிந்தது. பிறகு வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புருஷன் ஹல்துமுல்லைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான், நான் கிளம்பும்போது அவள் சொன்னாள்:

“நாளையிலேருந்து வராதீங்கண்ணே.”

சரி என்று வந்துவிட்டேன். வழியில்தான் பயம் பிடித்தது. குணமாகிவிட்டேன், இனி வேண்டாம் என்கிறாளா? அல்லது ஆள் வராமல் இருந்தால் வசதி என்று நினைக்கிறாளா? குடத்தைக் கொடுத்தபோதும் அவள் இப்படித்தான் அமைதியாக இருந்தாள். டாக்டரையாவிடம் சொன்னேன். வழக்கம்போல எல்லாம் கேட்டார். அடுப்பு எரிந்தது. தலை வாரியிருந்தாள். எதையும் யாருக்கும் கொடுத்த மாதிரித் தெரியவில்லை.

“எனக்கும் விளங்கேல்லை. போய்க் கேளும்.”

நீங்கள் வந்து கேளுங்கள் டாக்டரையா என்று கெஞ்சினேன். தான் கேட்டால் டாக்டருக்கு என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொல்வாள், உமக்கென்றால் உள்ளதைச் சொல்வாள் என்றுவிட்டார்.

திரும்பவும் மேல்கணக்குக்கு ஏறினேன். கேட்கவேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எதிரே வந்த ஒருவர், என்ன தனியா பேசிக்கிட்டு வாறீங்க என்று கேட்டார். செல்லம்மா இஸ்தோப்பில் படங்குச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போகிற சாக்கு. நான் உட்கார்ந்தேன். அவள் ஊசியில் நூல் கோத்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அவளே நிமிர்ந்து, “என்னண்ணே, வயித்த வலிக்குதா?” என்றாள்.

“சாகணும்னு நெனப்பு இருக்கா தாயி?”

கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அவள் ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு யோசித்தாள். யோசித்தது எனக்குப் பிடித்திருந்தது. பட்டென்று இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

“இருக்கு. முந்தி மாதிரி இல்ல. காலங்காத்தால வரும். கொழுந்து எடுக்க நெறையில போயி நின்னாப் போயிடும். செல நாளு போகாது.”

“போகாத நாளைக்கு?”

“பாக்கியத்துக்கிட்ட சொல்லுவேன். ரெண்டு தடவ சொல்லிட்டேன். அவ என்னயத் திட்டிக்கிட்டே டாக்டரையாகிட்ட கூட்டிட்டுப் போறேன்னா. அதுக்குள்ள சரியாயிடுச்சு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க என்னாத்தச் சொல்லப் போறீங்க? எனக்கு மேல பயப்படுவீங்க.” சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னாள்: “தெனம் நீங்க வந்தா, லயத்துல எல்லாரும் நான் இன்னும் நோயாளின்னு பாக்குறாங்கண்ணே. புள்ளைங்ககூட என்கிட்ட சத்தம் போட்டுப் பேசமாட்டேங்குது. வேணும்னா நானே டிஸ்பென்சரிக்கு வாறேன். நடந்து வாறேன்.”

டாக்டரையாவிடம் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன். பாக்கியத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். அவளும் அதையே சொன்னாள். சரி, நாளைக்கு நீர் போகவேண்டாம் என்றார்.

இதை எழுதி முடித்து, போன வாரம் செல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கேட்டுக்கொண்டே அரிசியில் கல் பொறுக்கினாள். இரண்டு திருத்தம் சொன்னாள். பாக்கியம் பேசினதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேனாம், மீதி எழுதக்கூடியதில்லைதானாம். அந்த நினைப்பு அடியோடு போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள், வந்தால் என்ன செய்வதென்று தெரியும் என்று எழுதுங்கள் என்றாள். எழுதிவிட்டேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

நான் போகாத அந்தத் திங்கட்கிழமையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வழக்கத்தைவிட முன்னதாக டிஸ்பென்சரியைத் திறந்தேன். ஊசிகளை அவிக்கப் போட்டேன். மேல்கணக்கு ஆட்கள் மலைக்குப் போகிற பாதை டிஸ்பென்சரிக்கு மேலே தேயிலைக்குள் போகிறது. டாக்டரையாவும் சீக்கிரமே வந்துவிட்டார். காய்ச்சல்காரர்கள் இரண்டொருவர் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. வாங்கில் உட்கார்ந்து குடைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பனி அடர்த்தியாக இருந்தது, ஆள் தெரியாது. பெரட்டு முடிந்து பெண்கள் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. யார் யாரோ பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்தது. டாக்டரையாவின் கை நின்றுவிட்டது.

பின்தங்கி இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி, என் தேயிலை நிறைக்குள் நீ ஏன் கை போடுகிறாய் என்று கத்தினாள். அது பாக்கியம். அதற்கு மற்றவள், அவளைவிட உரக்க, உன் கண்ணுக்கு எல்லாம் உன் நிறைதான் என்று திருப்பிக் கத்தினாள். பனிக்குள் அந்தச் சண்டை மேலே மேலே ஏறிப் போனது.

டாக்டரையா எழுந்து கையைக் கழுவினார்.

“முதல் ஆளைக் கூப்பிடும்” என்றார்.